பிள்ளைத்தாய்ச்சிக்கு இடமுள்ள மோட்டார்

எங்கேனும் ஒரு மோட்டாரின் முகத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றும் ஓசை கேட்டால் போதும், நடந்துகொண்டிருக்கும் என் கால்கள் நின்றுவிடும். முதல் சுற்றில் ஓர் இருமல். அடுத்த சுற்றில் ஒரு முனகல். பிறகு இரும்புக்குள் உயிர் புகுந்துவிட்ட அந்தப் படபடப்பு. அதற்கும் மேலே, "ஏறுங்க, ஏறுங்க, சேலையை உள்ள இழுத்துக்குங்க" என்றொரு குரல். ஓசை இன்றும் மலாக்கா வீதிகளில் கேட்கிறது. அண்ணனின் குரல் போய் ஓராண்டு நிறைகிறது.

எங்கள் அண்ணன் லூபோக் சீனாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். தஞ்சைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த பெற்றோருக்குத் தலைமகன். தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக் கற்று, ரப்பர்ப் பாலுக்காக மரப்பட்டை வெட்டி, பிறகு துரையின் பெரிய மோட்டாரைக் கழுவப் போனவர் அதை ஓட்டவும் கற்றுக்கொண்டார். நான் ஊர் ஊராக வேலை மாறிக் காற்றைப் போல அலைந்த ஆண்டுகளில், அவர் ஒரே செம்மண் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார்.

அண்ணிக்குத் தலைப்பிரசவ வலி கண்ட நாளில் துரை ஊரில் இல்லை. மோட்டார் கொட்டகையில்தான் நின்றது. அதைக் கிளப்பும் கைப்பிடி துரையின் பூட்டிய அறைக்குள் இருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அண்ணன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் அன்று முதல் அவர் பேச்செல்லாம் ஒன்றுதான்: "நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு மோட்டார் வேணும்லா."

ரப்பர் விலை விழுந்தது. துரையும் சீமைக்குத் திரும்பிவிட்டார். வேலையிழந்த அண்ணன் வாடகை மோட்டார் ஓட்டத் தீர்மானித்தார். கையிலிருந்ததும் அண்ணியின் கழுத்திலிருந்ததும் சேர்ந்தால் ஒரே ஒரு சின்ன மோட்டாருக்குத்தான் காணும். அது தோட்டத்துச் சாலைக்கு உதவாமற்போனால் மறுபடி ஒன்று வாங்க வழியில்லை. பழைய மாட்டு வண்டியேதான் கதி.

டவுனில் ஒரு மோட்டார்க் கடையில் விற்பனையாளராக இருந்த யாழ்ப்பாணத்து ஐயா, புத்தம் புதிய சின்ன மோட்டார் ஒன்றை லயத்துக்கே ஓட்டி வந்து காட்டினார்.

"நாலு பேர் சுகமா இருக்கலாம்," என்றார் ஐயா.

அண்ணன் லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அண்ணி வந்தார். கங்காணி வீட்டுப் பெரியம்மா வந்தார். நிறைமாதக்காரி அஞ்சலை தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஐயோ அண்ணே, நான் எதுக்கு?"

"நீ ஏறி எறங்கினாத்தான்மா நான் வாங்குவேன்."

பெரியம்மா முதலில் ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் கால் வெளியே நின்றுவிட்டது. "தம்பி, இந்தக் காலும் இதே மோட்டார்லதான் வரணுமா? இல்ல, பின்னால இன்னொன்னு வருதா?" என்றார். லயமே சிரித்தது. ஐயா முன் இருக்கையை மடக்கி வழிவிட்டார். அஞ்சலை அலுங்காமல் ஏறிப் பின்னால் சாய்ந்துகொண்டதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஏறியவர்களோடே மேட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அண்ணன். புது மோட்டாரைச் சும்மா அனுப்ப எங்கள் சனத்துக்கு மனம் வருமா? கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மோட்டாரின் முகம் மறைய வேப்பிலையும் தடித்த செவ்வந்தி மாலையும் கட்டினார்கள். பாதி மேட்டில் மோட்டார் சீறியது. முன்பக்கமெல்லாம் வெள்ளை ஆவி.

"அம்மாடி, பொங்குது!" என்று அலறினாள் அஞ்சலை.

"பொங்குனா நல்லதுதானடி. கொலவை போடு," என்றார் பெரியம்மா.

ஐயா இறங்கி மாலையைப் பிய்த்தெடுத்தார். "அது மூச்சு விடுற இடத்திலயே மாலையைக் கட்டினா, என்னெண்டு ஓடும்? இத்தனை வருசம் ஓட்டின உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும் ஐயா. ஆசையாக் கட்டுற கையைத் தட்டிவிட முடியல. தப்பு என்னோடதுதான். ஆனா எங்க சனம் மாலை போடாம விடாது. மாலைக்குன்னு தனியா ஒரு கொக்கி வைக்கச் சொல்லிச் சீமைக்கு எழுதுங்க."

ஐயா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எஞ்சின் ஆறும்வரை இருவரும் மரநிழலில் நின்றார்கள். அங்கேதான் அண்ணன் மனம் விட்டுப் பேசினார்.

"வெலை கொறச்சலா இருந்தா மட்டும் போதாது ஐயா. தொப்பி போட்ட ஒத்தை ஆளுக்குச் செஞ்ச வண்டி எங்களுக்கு ஆகாது. சேலை கட்டினவங்க ஏறணும். மழை பேஞ்ச செம்மண்ணுல அடி தட்டக்கூடாது. சரி, சக்கரத்து மேல குலுக்கலைத் தாங்குற வில்பட்டை ஒடஞ்சா?"

"சீமையில இருந்து எடுப்பிக்க வேணும். கப்பலில வரும்."

"கப்பல் வர்ற வரைக்கும் வலியை நிறுத்தி வையின்னு அஞ்சலைகிட்டச் சொல்லவா?"

ஐயா ஆறிக்கொண்டிருந்த மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்கள் எடுங்கோ. வில்பட்டையும் மற்றச் சாமானும் எங்கட கடையில எப்பவும் இருக்கும். அது என்ர பொறுப்பு," என்று கை நீட்டினார். அந்த வார்த்தைக்காகத்தான் அண்ணன் அந்த மோட்டாரை வாங்கினார். ஐயாவும் கடைசிவரை சொல் தவறவில்லை.

அஞ்சலையின் மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தாள். அதன் பின் எத்தனை பிள்ளைகள்! கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துத் தாய்மாரும், சீனக் கடைக்காரர் மருமகளும் அந்தப் பின் இருக்கையில் சாய்ந்து போனார்கள். பெரிய மோட்டார்கள் சேற்றில் புதைந்து நின்ற அடைமழையில், எங்கள் சின்ன மோட்டார் தும்பியைப் போலத் தாவித் தாவிப் போகும். அவசரத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன் வாடகை பேசியதில்லை. மோட்டார் செய்கிறவர்கள் என்றேனும் லூபோக் சீனா மேட்டுக்கு வந்து நின்று பார்க்கட்டும். எளிய சனம் பளபளப்பைக் கேட்கவில்லை. ஏற ஒரு கதவு, உடைந்தால் அருகிலேயே ஒரு மருந்து, வழியில் கைவிடாத ஓர் எஞ்சின். இவ்வளவையும் செய்யலாம். செய்ய வைக்கலாம் என்று எங்கள் அண்ணன் காட்டிவிட்டார்.

நெஞ்சு நோய் அவரைப் படுக்கையில் கிடத்திய மாதங்களில் இரவு பகல் பாராமல் வந்த டாக்டர் ஐயாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கும், முறை வைத்துத் துணையிருந்த தோட்டத்துச் சகோதரர்களுக்கும், சவாரிகளைத் தாமே ஏற்று ஓட்டி வருமானம் முழுவதையும் அண்ணியிடம் கொடுத்த டிரைவர் நண்பர்களுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த யாழ்ப்பாணத்து ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

கடைசி நாள் நண்பகலில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று ஒருவர் வாசலில் வந்து நின்றார். டிரைவர் நண்பர்கள் எல்லோரும் சவாரியில் இருந்தார்கள்; அண்ணனின் மோட்டாரை ஓட்ட அங்கே நான் ஒருவன்தான். அண்ணனை அந்த நிலையில் விட்டுப் போக எனக்குக் கால் எழவில்லை. அவர் அதட்டித்தான் போனேன்; அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வரும்போது அவர் இல்லை. நான் புறப்படுமுன், தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, பழைய அதட்டலோடு அவர் என்னிடம் சொன்னது இதுதான்:

"படுத்துக் கெடக்கிறவனுக்கு என்னடா அவசரம்? வலி கண்டவளுக்குத்தான் அவசரம். கெளம்பு."