முதல் கற்பூரம் இரண்டாம் லைனுக்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவு பார்ப்பது என் வேலை. லேப் முழுக்க என் பொறுப்பு. அங்கே நெட்வொர்க்கைப் போட்டதும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு நான் எடுக்கும் பாடம் பத்து நிமிஷம்தான். ஒவ்வொரு உற்பத்தி லைனிலும் இருக்கும் கேஜ் என்கிற அளவுக் கருவி, உதிரிபாகத்தின் துளையை அளக்கும். அதில் திரை கிடையாது, அளவு கம்பி வழியாக நேரே லேப் கம்ப்யூட்டருக்கு வரும். எந்த கேஜ் அனுப்பியது என்பதை ஐ.பி. அட்ரஸை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். அது கம்பெனி பஸ் சீட் மாதிரி. முதலில் ஏறுபவருக்கு முதல் சீட்; கொடுப்பது ரவுட்டர். கருவியோடு கூடவே பிறந்த மேக் அட்ரஸ் அப்படியில்லை. பள்ளிக்கூட டி.சி.யில் அடையாளமாக எழுதும் மச்சம் மாதிரி, எங்கே உட்கார்ந்தாலும் மாறாது. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று அதட்டுவேன். எனக்கே முழுசாகப் புரியவில்லை என்பது அந்த விஜயதசமிக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் லைனில் வேலை செய்பவள் என் தோழி. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற குடும்பம். ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். பஸ்ஸில் எனக்கு முன்னாலேயே ஏறிவிடுவாள். பக்கத்து சீட்டில் பையை வைத்து தினமும் எனக்கு இடம் பிடிப்பாள். அந்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். யு.பி.எஸ். புண்ணியத்தில் அதுவரை ஒருநாளும் அணையாத ரவுட்டரையும் அந்த வருஷம் பக்தியோடு அணைத்துத் துடைத்தேன். மறுநாள் விஜயதசமி காலை, கற்பூரம் காட்டிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஸ்விட்சைப் போடுவது எங்கள் வழக்கம். வாசல் பக்கம் இருப்பது இரண்டாம் லைன். அதனால் முதல் கற்பூரம் அதற்கு.

அன்றிலிருந்து முதல் லைனில் துளை பெரிதாகிறது என்று கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டியது. நான் அவள் சரக்குக்கெல்லாம் 'தேறாது' என்று சிவப்பு அட்டை எழுதிக் கட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடப் போவதாக மேனேஜர் சொன்னார். முதல் அட்டை கட்டிய மறுநாளே அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகிவிட்டது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன்.

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவளே லேப்புக்கு வந்தாள். ஒரு கையில் உதிரிபாகம், மறு கையில், கம்பி இல்லாமல் கையாலேயே போட்டுப் பார்க்கும் பிளக் கேஜ். அந்த இரும்பு உருளையின் 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

"இங்க பாருடி. கோ போவுது, நோ-கோ போவல. துளை சரியாத்தான் கீது. அப்புறம் இன்னாத்துக்கு சிவப்பு அட்டை?"

"மெஷின் பொய் சொல்லுமா இன்னா? நீ சரியா வெச்சிருக்க மாட்ட."

"ஆறு வருஷமா இதத்தான் பண்ணிக்கினு இருக்கேன். எனக்கே சொல்லித் தர்றியா? எழுந்து வா, நீயே போட்டுப் பாரு."

கோபத்தோடுதான் போனேன். அவள் லைனில் அடுத்தடுத்து நாலு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நோ-கோ ஒன்றிலும் நுழையவில்லை. அவள் கேஜின் கம்பியைப் பிடுங்கிவிட்டு லேப்புக்கு ஓடினேன். திரையில் முதல் லைன் கட்டம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அளவு வராமல் நின்று போயிருந்தது இரண்டாம் லைன் கட்டம்.

ரவுட்டரை அணைத்ததில் பழைய சீட் கணக்கு அழிந்து, முதல் கற்பூரம் வாங்கிய இரண்டாம் லைன் கேஜ் முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் சீட்டை மட்டும் பார்த்ததே தவிர மச்சத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் சொல்லி வைக்கவும் இல்லை. துளை பெரிதானது இரண்டாம் லைனில்தான், அங்கே வெட்டும் முனை தேய்ந்திருந்தது. நல்ல வேளையாக அந்தச் சரக்கு இன்னும் லாரி ஏறவில்லை.

சத்தமில்லாமல் சரிசெய்து, ஏதோ கம்பிக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு சிவப்பு அட்டையிலும் அவள் பெயர் இருந்தது. மேனேஜர் அறைக்கு நேராகப் போனேன்.

"சார், தப்பு அவளுது இல்ல. ரெண்டு லைன் அளவும் மாறி வந்துக்கினு இருந்துச்சு."

"மெஷின் மாத்திச்சா, நீங்க மாத்தினீங்களா?"

"நான்தான் சார். ரவுட்டரை அணைச்சது நான். அட்டையில கையெழுத்தும் என்னுது."

அவர் மேஜையில் கிடந்த பட்டியலை இழுத்து, அவள் பெயரை அடிக்காமல் அப்படியே கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். அன்றே ரவுட்டரில் ஒவ்வொரு மேக் அட்ரஸுக்கும் இந்த ஐ.பி.தான் என்று எழுதி நிலையாக்கினேன். இனி யாருக்கு முதல் கற்பூரம் காட்டினாலும் சீட் மாறாது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்காரப் போனேன்.

"எங்கடி போற?" என்று அவள் குரல் கேட்டது. பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது.

"இன்னிக்கு எனக்கு எடம் புடிச்சியா?" என்றேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெனமும்தான் புடிச்சி வெச்சேன். நீதான் திரும்பியே பாக்கல."