பத்தொன்பது நாள் பிள்ளைக்கு ஒரு வரி

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி, அப்புறம் கையில் பிடித்தது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்திதான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. சொன்னதையே சொல்வேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். மயானப் பட்டியல் எப்படி வந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கோயில் கமிட்டித் தலைவர் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம்.

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில்தான் எங்கள் தோட்டம். ரப்பர் மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள். இப்போது அதையும் அழித்து வீடு கட்டப்போகிறார்கள். எங்கள் மயானமும் அந்த நிலத்துக்குள் இருக்கிறது. பட்டியலில் உள்ளவர்களை மரியாதையாக எடுத்துப் புது இடத்தில் அடக்கம் செய்து தருவோம், பட்டியலில் இல்லாததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிலத்தை வாங்கியவர்கள் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பட்டியல் போய்ச் சேர வேண்டியிருந்தது.

நான் இப்போது இருப்பது லோபாக் என்கிற ஊரில், மகன் வீட்டில். மருமகள் கணினி வேலை செய்கிறாள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தட்டி அனுப்பிய விவரங்களை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறேன் என்று அவள்தான் ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்தாள். தலைவரும் வந்துவிட்டார். அவர் முன்பு செம்பனை லாரி ஓட்டியவர்.

முதல் பட்டியல் திரையில் வந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எங்கப்பா பேரு எங்கம்மா?"

"இந்தா இருக்கு அங்கிள். வரிசையா கேள்விக்குறி இருக்குல்ல, அதான்."

"செத்தும் எங்கப்பாவ கேள்வி கேக்குதா? உயிரோட இருக்கறப்ப எங்கம்மா கேட்டது பத்தாதா லா?"

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் விளக்கினாள். அவள் எழுதுகிற வேலைச் சீட்டுக்கு ஸ்கிரிப்ட் என்று பெயராம். விவரமெல்லாம் பத்திரமாக இருக்கிற பெட்டகம் டேட்டாபேஸ். சீட்டு நேராகப் பெட்டகத்தோடு பேச முடியாது. நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்குச் சொல்ல ஒன்று வேண்டும். அதுதான் டிரைவர். அவள் பழைய வேலையிலிருந்து எடுத்துப் போட்ட டிரைவருக்குத் தமிழ் எழுத்தைக் கொண்டுபோகத் தெரியவில்லை.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. தோட்டத்துத் துரையிடம் நாங்கள் நேராகப் பேசியதில்லை. எல்லாம் கணக்கு எழுதுகிற கிராணி வழியாகத்தான். கிராணிக்கு விளங்காதது துரைக்குப் போய்ச் சேராது. இதை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கேள்விக்குறிப் பட்டியலை அழித்துவிட்டு வேறு டிரைவர் தேடினாள். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான். தமிழ் வருமா, இந்தப் பெட்டகத்தோடு ஒத்துப்போகுமா, அதைச் செய்தவர்கள் இன்னும் கவனித்துக்கொள்கிறார்களா, இல்லை கைவிட்டுவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசியில் ஒன்றைப் பிடித்துப் போட்டாள். திரையில் பெயர்கள் தமிழில் வந்தன. கொம்பும் காலும் புள்ளியும் ஒன்றுகூடக் குறையவில்லை. என்னோடு நிரையில், அதாவது ரப்பர் மர வரிசையில், பால் வெட்டியவர்கள், நான் தூக்கி வளர்த்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கோயிலில் திரை விலகும்போது இருக்குமே, அந்த மாதிரி இருந்தது.

தலைவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஒன்னு சேக்கணும்மா" என்றேன்.

"யாரு அத்தே?"

"என் மொதப் பிள்ள. ஆம்பளப் பிள்ள. பத்தொன்பது நாளு."

அவள் கை நின்றது. என் மகனுக்கே தெரியாத விஷயம். அவன் அதற்குப் பிறகு பிறந்தவன்.

"பேரு என்னா அத்தே?"

"முப்பதாம் நாளு வைக்கலாம்னு இருந்தோம்."

அவள் என் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுக் கணினியில் தட்டினாள். பெயர் இருக்கிற இடம் வெறுமையாக, அடுத்து என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், இடம் 'வேலியோரம்'. கடைசி வரியாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவள் கணினியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட நடன வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனாள்.

ஞாயிறு காலை கணினியைத் திறந்தவள் "ஐயோ" என்றாள். பட்டியல் காலி. ஒரு வரிகூட இல்லை.

பேர் வைக்காத பிள்ளையைப் பெரியவர்கள் வரிசையில் சேர்த்தது குற்றமாகிவிட்டது, எல்லோரையும் நானே அழித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

"என் பிள்ளய எடுத்துடும்மா. அதாலதான் போச்சு."

"என்னா அத்தே நீங்க! அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்? இது என் தப்பு லா."

அப்புறம் சொன்னாள். பழைய டிரைவர், சொன்னதும் நிரந்தரமாக எழுதிவிடுமாம். புதியது அப்படி இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் காட்டும், ஆனால் 'சரி, இனி மாற்றமில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் நிலைக்கும். சொல்லாமல் மூடினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். இவள் பழைய பழக்கத்தில் அந்த வார்த்தையைச் சீட்டில் எழுதவில்லை.

தோட்டத்தில் எங்கள் வேலை நாளைக் குறிக்கிற செக்ரோல் புத்தகமும் அப்படித்தான். விடியக்காலை ஆளெடுக்கிற பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டுப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். பால் நிறுத்து முடித்த பிறகுதான் அதன் மேல் மை ஏறும். பாதியில் வீட்டுக்குப் போனவன் கோட்டை ரப்பரால் அழித்துவிடுவார். பிள்ளை இறந்த அன்று ஆள் அனுப்பினேன், என் வீட்டுக்காரர் நிரையிலிருந்து ஓடி வந்தார். அன்றைக்கு அவருடைய கோட்டையும் அழித்துவிட்டார்கள். அவர் வேலைக்கு வந்ததும் இல்லை, பிள்ளையைப் புதைத்ததும் இல்லை என்பது போல அந்தப் புத்தகத்தில் வெறும் கட்டம்.

தகவல் தெரிந்து தலைவர் ஓடி வந்தார்.

"நாளைக்கு குடுக்கணும்மா! பழைய டிரைவரயே போட்டுத் தள்ளு. கேள்விக்குறியா இருந்தா இருக்கட்டும், பேனாவால எழுதிக்கலாம்."

"வேணாம் அங்கிள். பழசு ஒவ்வொரு வரியா எழுதிக்கிட்டே போவும். நடுவுல கரண்டு போச்சுன்னா பாதிப் பேரு உள்ள, பாதிப் பேரு வெளிய. யாரு விட்டுப்போனான்னு நமக்கே தெரியாது. இது எழுதுனா எல்லாரையும் எழுதும், இல்லாட்டி யாரையும் எழுதாது."

எல்லாரையும், இல்லாவிட்டால் யாரையும் இல்லை. இந்த மாதிரி ஒரு நியாயத்தை யாரோ முகம் தெரியாதவர்கள் யோசித்து, இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் இத்தனை வருஷம் நின்றேன். அங்கே இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சீட்டில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து, ஊர்க்காரர்கள் அனுப்பியதையும் என் வரியையும் மறுபடி ஓட்டினாள். கணினியை அணைத்தாள். நான் கேட்காமலேயே, "வாங்க அத்தே, நீங்களே தொறங்க" என்றாள். திறந்தேன். எல்லோரும் இருந்தார்கள். கடைசி வரியில், பெயர் இல்லாமல், என் பிள்ளையும் இருந்தான்.

பட்டியல் திங்கட்கிழமை போய்விட்டது. அடுத்து மயானத்தில் ஒவ்வொரு குழிக்கும் முளை அடிக்கப்போகிறார்கள். இங்கேதான் எனக்குப் பயம். கோலா சாவா ஊர்ப் பக்கத்து வேலியிலிருந்து ஐந்தாவது குழி என்று சொல்லியிருக்கிறேன். ஆறாவதாகவும் இருக்கலாம். ஒரு முந்திரி மரம் இருந்தது, இப்போது இல்லை. என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. அன்றைக்கு அவரோடு மண்வெட்டி எடுத்துப் போன இரண்டு பேரில் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரோ, அவர் வீட்டாரோ இதைப் படித்தால், முளை அடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் வந்து இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் வேறு பிழை இருந்தாலும் திருத்திவிடுங்கள்.