சூசை அண்ணை வெட்டிய மரம்

செய்தி வந்தபோது நான் கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். மனைவி கதவைத் திறந்து போனை நீட்டினாள். மறுபக்கத்தில் சூசை அண்ணையின் மகன் பொனி. "அங்கிள், அப்பா எங்களை விட்டுப் போயிட்டார்," என்றான். காலைப் பூசைக்குப் போகச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவேயில்லையாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட வாறன் என்று வாக்குத் தந்த மனிதர், ஒரு சொல் சொல்லாமல் இப்படிப் போவதா? அழுகை பிறகு வந்தது. நன்றாகவே வந்தது.

சூசைதாசன் அண்ணையை உங்களில் பலருக்குக் கோயில் பாடகராகத் தெரியும். சிலருக்கு, வீடு மாறும் நாளில் கேளாமலே வந்து கட்டிலைத் தூக்குகிற மனிதராகத் தெரியும். எனக்கு அவர் முதலில் ஒரு சத்தமாகத்தான் அறிமுகமானார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மல்வேர்ன் பகுதியின் வரிசை வீடுகளில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். நான் இரவு வேலை முடித்துக் காலையில் படுப்பவன். கூத்துக்குப் பேர்போன பாஷையூரில் பிறந்த அவருக்கோ காலையில்தான் தொண்டை திறக்கும். ராசா வருகிறார், மந்திரி வருகிறார் என்று ஒரே கூத்துப் பாட்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் சாரத்தோடேயே போய்க் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, உங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை மனிசர் நித்திரை கொள்ளக்கூடாதோ?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல கட்டைக் குரல் உமக்கு. என்ரை கூத்திலை ராசன் வேஷம் குடுத்தாச்சு, பூசாரி வேஷம் இருக்கு. நெத்தியிலை வீபூதியும் இருக்கு, மேக்கப்பும் மிச்சம். உள்ளை வாரும்."

சண்டைக்குப் போன நான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பூசாரியாகத் திரும்பி வந்தேன். அவரோடு யார்தான் ஒழுங்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள்?

கூத்து எதற்கென்று அன்றே சொன்னார். அவரும் அவருடைய மனைவியும் முதலில் கனடா வந்துவிட்டார்கள். மகன் பொனிப்பாஸ் ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிற ஏஜென்சிக்காரனோடு பின்னால் புறப்பட்டான். பிறகு மாதக்கணக்காகப் பெடியனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எந்த நாட்டில் நிற்கிறான், உயிரோடுதான் நிற்கிறானா, எதுவும் தெரியாது. தாய் சாப்பாட்டை விட்டுவிட்டார். அப்போது அண்ணை, மகனுக்குப் பெயர் தந்த புனிதரிடம் நேர்த்தி வைத்தார்: பிள்ளை வந்து சேர்ந்தால் உம்முடைய கதையை ஒரு காட்சியும் குறையாமல் கூத்தாய் ஆடுவன். பொனி வந்து சேர்ந்தான். நேர்த்தியில் குறை விட்டால் அது பிள்ளையில் பிடிக்கும் என்பது அவருடைய பயம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஊரில் எத்தனையோ புனிதர்களுக்குக் கூத்து இருந்தது. ஆனால் எட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனிக் காடுகளில் திரிந்த ஆயர், அதாவது பிஷப், பொனிப்பாஸுக்கு யார் எழுதினார்கள்? அண்ணையே எழுதினார், தான் வேலை செய்த பெட்டி அடைக்கிற பக்டறியில், இடைவேளைகளில். ராசன் இல்லாமல் கூத்து இல்லை என்பதால் காட்டுத் தலைவனுக்குத் தலையில் முடியும் தோளில் புசகீர்த்தியும் வைத்து, முன்னால் ஒரு கட்டியகாரனையும் ஓடவிட்டார்.

"அண்ணை, ஜெர்மன்காரன் உப்பிடியே உடுத்தவன்?" என்று கேட்டேன்.

"ஜெர்மன்காரன் பாக்க வரேல்லை. பாக்க வாறது எங்கடை சனம்."

புனிதரின் கதையை அவர் சொன்னால் பக்கத்துத் தெருக்காரரின் கதை போல இருக்கும். இங்கிலாந்தில் பிறந்தவர். மடத்தில் படிப்பித்துக்கொண்டு சோலியில்லாமல் இருந்திருக்கலாம். கடல் கடந்து வேதம் சொல்லப் போனார். முதல் பயணம் சரிவரவில்லை, திரும்பி வந்தார். விட்டாரா? மறுபடியும் போனார். "முதல்தரம் திரும்பி வந்து ரெண்டாந்தரம் போய்ச் சேந்த ஆள். அகதியளுக்கு அவரை விட்டால் வேறை ஆர் புனிதர்?" என்பார் அண்ணை. அந்த நாட்டில் இடிதேவனுக்கென்று ஒரு பெரிய ஓக் மரம் நின்றது. சனம் அதைக் கும்பிட்டது. ஆயர் கோடரியை எடுத்து அதை வெட்டினார். இடி விழவில்லை. அந்த மரத்திலேயே ஒரு கோயில் கட்டினார்.

ஒத்திகை அந்தக் காட்சிக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மரம் விழுந்தவுடன் அந்த மரத்தின் பூசாரி ஆயரின் காலில் விழவேண்டும்!

"நான் விழமாட்டன்," என்றேன். "எங்கடை ஊரிலை அரசமரத்தடிப் பிள்ளையாரைச் சுத்திக் கும்பிட்டு வளந்தவன் நான். மரத்தையும் வெட்டிப்போட்டு, காலிலையும் விழச் சொல்லுறியளோ?"

வீட்டில் மனைவியும் பிறகு அதைத்தான் சொன்னாள். வேதக்காரக் கிறிஸ்தவர்களின் கூத்தில் ஆடுவது ஒன்று, அங்கே போய் விழுவது வேறு. ஒத்திகையில் நின்ற தேவாலயக் கமிற்றித் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு பூசாரி பார்ப்போம் என்றார். மத்தளக்காரர் மத்தளத்தை உறையில் போடத் தொடங்கினார். சூசை அண்ணை மீசையைத் தடவியபடி கனநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: "சிவம்தான் பூசாரி. அவர் விழமாட்டார். நாளைக்கு எல்லாரும் நேரத்துக்கு வாருங்கோ."

அவ்வளவுதான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். விழமாட்டேன் என்று சொன்னது பிழை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

கூத்து ஜூன் மாதம், புனிதரின் திருநாளன்று, தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்களுக்கு அந்த மரம் மறந்திருக்காது. பிரிட்ஜ் வந்த மட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மண்ணிறம் பூசி, அண்ணை தன் கையாலேயே செய்த மரம். ஆயர் வேஷத்தில் அவரே பாடிக்கொண்டு வெட்டினார். மரம் அசையவில்லை. இன்னும் வெட்டினார். பெட்டி அடைப்பதுதானே அவருடைய தொழில், பெட்டி ஒட்டுகிற ரேப் நாடாவை அப்படிச் சுற்றியிருக்கிறார்! சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் கோடரியை எறிந்துவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தார். மரமும் ஆயரும் ஒன்றாக விழுந்தார்கள்.

அடுத்தது என்னுடைய இடம். மத்தளம் அடிபடுகிறது. நான் கட்டைபோல நிற்கிறேன். கமிற்றித் தலைவர் முன்வரிசையிலிருந்து என்னை எரிப்பதுபோலப் பார்க்கிறார். அண்ணை எழும்பி, முடியை நேராக்கி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பூசாரியாரே, மரம் விழுந்தது காணும். மனிசன் விழத் தேவையில்லை. அந்தப் பக்கம் பிடியும், கோயிலைக் கட்டுவம்."

நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரத்தை உள்ளே கொண்டுபோனோம். மண்டபம் அதிர்ந்தது.

கடைசிக் காட்சியில் ஆயர் கிழவராகிவிட்டார். அந்த வயதிலும் வேதம் சொல்லப் போன இடத்தில் கொல்ல வருகிறார்கள். கூட வந்தவர்கள் ஆயுதம் எடுக்கிறார்கள். "கீழை போடுங்கோ பிள்ளையள்," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி விழுந்தார் அண்ணை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்! சற்றுமுன் சிரித்த சனத்துக்குக் கைதட்ட நேரம் எடுத்தது.

கமிற்றி பிறகு முணுமுணுத்தது. அண்ணை சிரித்தார். "மரம் விழவே அவ்வளவு நேரம். பூசாரியும் விழுந்திருந்தால் ஹோல்காரன் எங்களை உள்ளை வைச்சுப் பூட்டியிருப்பான்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாங்கள் மார்க்கத்துக்கு வீடு மாறியபோது முதல் கட்டிலைத் தூக்கியவர் அவர்தான். ஞாயிறுகளில் பஸ் மாறி மாறி வந்து, சாப்பிட்டு, என் மனைவியின் கறிக்கு உப்புக் குறைவு என்று அவளிடமே சொல்லி, பேச்சு வாங்கிக்கொண்டு போவார். என்னிடம் விழுவதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு, அவர்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது பொனி சொன்னான்.

"அங்கிள், யூ நோ, ஒவ்வொரு ஜூனும் அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறவர். மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் புனிதரிட்டைச் சொல்லுவார்: 'ஒரு காட்சி குறையாய்க் கிடக்கு. பிள்ளையிலை கோவிக்காதையும். சிவத்தையும் நெருக்காதையும். குறையை என்னிலை போடும்.'"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு காட்சியும் குறையாமல் என்றல்லவா அந்த மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார்? மீசையைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாரே, அப்போது தராசின் ஒரு தட்டில் அவருடைய ஒரே மகன் இருந்தான், மறு தட்டில் என்னுடைய மானம் இருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் அந்தப் பயத்தைத் தனியே சுமந்துகொண்டு, ஞாயிறுகளில் என் வீட்டில் வந்து உப்பைப் பற்றிப் பகிடி விட்டிருக்கிறார். என்ன மனிதரப்பா!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சண்டை வரும் என்று பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முழங்காலுக்கு எண்ணெய் பூசிப்போட்டுப் போய் விழுங்கோ. பிறகு எழும்பேலாமல் கிடக்கிறேல்லை," என்றாள்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வருகிற இந்த மலரில், அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று எழுதச் சொன்னான் பொனி. அவருடைய நேர்த்தியின் மிச்சம் என் பங்காக வந்திருக்கிறது. நான் சைவக்காரன், அப்படியேதான் இருப்பேன். ஆனால் அந்தக் காட்சியை இனி அவர்மேல் போட்டு வைக்க என்னால் முடியாது. நேற்று பொனியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வாற ஜூனிலை கூத்தைத் திரும்பப் போடுவம். நீ ஆயர். பூசாரி நான்தான். இந்தமுறை விழுறன்."

"ஆர் யூ ஷுவர், அங்கிள்? நீங்கள் விழத் தேவையில்லை எண்டு அப்பாவே சொன்னவரெல்லே?"

"ஓமடா. அதாலைதான் விழுறன்."