இவ்ரோஸ் கேட்காத கேள்வி

தொலைபேசியின் எதிர்முனையில் யார் எடுத்தாலும் சரி, இவ்ரோஸ் முதலில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அப்புறம்தான் குரல் வரும். "நல்லா இருக்கீங்களா மாமா? முழங்கால் எப்படி? இந்தப் பனியில படி இறங்காதீங்க, சொல்லிட்டேன்." அந்த மாமாவை அவர் கண்ணால் கண்டது கிடையாது. கிழவர் குரலென்றால் முழங்கால் வலி இருக்கும் என்பது அவர் கணக்கு. அது பெரும்பாலும் தப்பாது.

கனடாவில், மொன்றியால் நகரின் வடக்கே ஒரு மாடியறை. அங்கிருந்து பல மொழிகளில், பல நாடுகளுக்குப் போன் போட்டு, உடம்பையும் மனசையும் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறார்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் எங்கே ஆஸ்பத்திரி, யாருக்கு மருந்து என்று அரசுகள் முடிவு செய்கின்றன. கரீபியக் கடலின் ஹெய்த்தி நாட்டுக்காரர்கள் பேசும் கிரியோல் மொழிக்கு இவ்ரோஸ் அம்மாள்தான் மூத்தவர். தோளில் கம்பளிச் சால்வை, பையில் உப்புமீன் அடைத்த பேட்டீஸ், பக்கத்து மேஜையில் ஸ்பானிய மொழிக்கு இருக்கும் ஹிமேனாவோடு ஓயாத வம்பு.

"நீ கேட்டா கல்லும் பேசுது. நான் கேட்டா போனை வச்சிடுறானுங்க" என்பாள் ஹிமேனா.

"நீ போலீஸ் மாதிரி கேக்குறடி" என்பார் இவ்ரோஸ்.

மயாமி, சாந்தோ தொமிங்கோ போன்ற வெளிநாட்டு நகரங்களில் கிரியோலில் கேட்கிறவர்கள் அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு, அவர் கேட்பதுபோலவே கேட்கப் பழகினார்கள்.

ஒரு கேள்வி மட்டும் அவர் வாயில் வராது. 'கடந்த இரண்டு வாரங்களில், செத்துப்போனால் தேவலை என்று எத்தனை முறை நினைத்தீர்கள்?' பெரியவர்களிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் முனையை மழுக்கி வைத்திருந்தார். "சாகணும் கீகணும்னு நினைப்பெல்லாம் நமக்கு வராதுல்ல மாமா? ஆண்டவர் இருக்காரே." ஆமாம்மா, ஆண்டவர் இருக்கார் என்று பதில் வரும். 'ஒருபோதும் இல்லை' என்று குறித்துக்கொள்வார்.

போன மாதம் அறிக்கை வெளியானது. மேலாளர் கயெத்தான் கேக் வாங்கிவந்து முடிவுகளைப் படித்துக் காட்டினார். எந்த நாட்டிலும் கிரியோல் பேசுகிறவர்களுக்குச் சாகும் எண்ணம் அநேகமாக இல்லவே இல்லையாம். தற்கொலைத் தடுப்புத் தொலைபேசியில் இனி கிரியோல் பேச ஆள் வேண்டாமென்று சுகாதாரத் துறை அந்த வேலையையே எடுத்துவிட்டதாம்.

இவ்ரோஸ் கேக் தட்டோடு தொப்பென்று உட்கார்ந்தார்.

"அது நான் சொன்ன பதில். அவங்க சொன்னதில்ல."

கயெத்தானுக்கு விளங்கவில்லை. அவருக்குக் கிரியோல் தெரியாது. பதிவுகளைப் போட்டு, வரிவரியாக இவ்ரோஸே பிரெஞ்சில் சொன்னார். ஒரு பெண், கேள்வி முடியுமுன்பே 'ஆனா...' என்று தொடங்கியிருந்தாள். அந்த 'ஆனா'வின்மேல் தன் குரலே ஏறி மிதித்துக்கொண்டு போனதை இவ்ரோஸ் அன்றுதான் கேட்டார். கையை நீட்டிப் பதிவை நிறுத்திவிட்டார்.

இவ்ரோஸின் வேலை போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கயெத்தானோ அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே ஆட்களை மறுபடி அழைத்து, கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்கவேண்டும் என்றார். சாகத் தோன்றுகிறது என்கிறவர்களோடு பேச, கிரியோல் தெரிந்த ஒரு நர்ஸையும் அறையில் உட்காரவைத்தார்.

முதல் அழைப்பு க்ளெர்வில் என்ற முதியவருக்கு. இவ்ரோஸ் அந்தக் கேள்வியை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். எதிர்முனையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

"தெனமும்தான்" என்றார் க்ளெர்வில் நிதானமாக.

"போன தடவை இல்லேன்னீங்களே மாமா."

"நீ அப்படிக் கேட்டே மகளே. உன் மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன்."

'தினமும்' என்பதற்கு உரிய எண் நான்கு. இவ்ரோஸ் அதை அழுத்தினார். இடது கை நர்ஸைத் தேடிக் காற்றில் துழாவியது. வலது கை விரல் அந்த விசையிலிருந்து எழவேயில்லை. திரையில் நான்கு, நான்கு, நான்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது.