ஈறில் ஒரு நீலக்கோடு

என் வலது கை விழுந்த அன்று, ராஜவீதியில் ஒரு பால்கடையின் பெயர்ப்பலகையில் பசு வரைந்துகொண்டிருந்தேன். உடல் முடிந்திருந்தது. கண்ணுக்குக் கருப்பு வைக்கத் தூரிகையை உயர்த்தினேன், மணிக்கட்டு எழும்பவில்லை. கழுத்தைத் திருகிய கோழிபோலக் கை தொங்கியது. இடது கையால் தூக்கி நிறுத்தி, விட்டேன். மறுபடியும் தொங்கியது. வலி கொஞ்சமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏணிக்குக் கீழே நின்ற கடைக்காரர் சிரித்தார். "இன்னாப்பா, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா?"

மதுவிலக்கு இருந்த காலம் அது. நான் சாராயத்தைத் தொட்டதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துப்போனது.

வயிற்றுவலி அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. தொப்புளைச் சுற்றிக் குடலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வரும். தலையணையை வயிற்றில் அழுத்திக் குப்புறப் படுத்தால் சற்று அடங்கும். ஐந்தாறு நாள் வெளிக்குப் போகாது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஊரில் நான் பார்த்த மருத்துவர், "குடிய நிறுத்து, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். குடிப்பதில்லை என்றேன். "எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்று மாத்திரை எழுதினார். கை விழுந்த பிறகு போனபோது, "நான் அப்பவே சொன்னேனே" என்றார். இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஒரு வலி இருந்து, கையில் வர்ணமும் இருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வரைகிறவனுக்கு முதல் வேலை பார்ப்பது. கொக்கு கழுத்தை எப்படி மடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓரிக்கைப் பக்கம் பாலாற்று ஓரத்தில் அரைநாள் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் பாதிப் பலகைகளில் பசுவின் காது கொம்புக்கு மேலே முளைத்திருக்கும். தினமும் கண்ணெதிரே போகிற மாட்டைக்கூட ஒருமுறை நின்று பார்க்காமல் எப்படி வரைகிறார்கள் என்று எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்ட நான் என் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதே வேலையாக இருந்த ஊர் மருத்துவரும் பார்க்கவில்லை.

என் மனைவி தனலட்சுமி மட்டும் நம்பினாள். "உங்க வாயில பீடி நாத்தம் தவிர வேற ஒண்ணும் வந்ததில்ல. எனுக்குத் தெரியாதா?" அவள்தான் என்னைப் பஸ் ஏற்றி, மதராஸில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

நடைவழியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். வெளியே புங்கமரத்தில் ஒரு காகம் கம்பித் துண்டுகளால் கூடு கட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கம்பியையும் அலகால் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிடிக்காததைக் கீழே போட்டது. அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு எனக்குக் கிடைத்திருந்தால் கை விழுந்திருக்காது என்று நினைத்தேன்.

உள்ளே இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். முதலில், "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"போர்டு எழுதுறேம்மா."

"வாயத் திறங்க." உதட்டை விரலால் விலக்கி, டார்ச் அடித்தார். பிறகு தனலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பல்லும் ஈறும் சேர்ற எடத்துல நீலமா ஒரு கோடு ஓடுது, பாருங்க. இது ஈய விஷம்."

ஈய விஷம் (வர்ணத்தில் உள்ள ஈயம் சிறுகச் சிறுக உடம்பில் சேர்ந்து ரத்தம், குடல், நரம்பு மூன்றையும் கெடுப்பது). என் கைக்கு வந்தது மணிக்கட்டுத் தொங்கல் (கையை மேலே தூக்கும் நரம்பு செயலிழப்பது). நான் வேலை செய்யும் விதத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். சபேதா என்று கடையில் கேட்டு வாங்கும் வெள்ளையிலும், பலகைக்குப் பூசும் மஞ்சளிலும் ஈயம் இருந்தது. பழைய பலகைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசியை மூச்சில் இழுத்தேன். மெல்லிய கோட்டுக்குத் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினேன். கழுவாத விரலால் பீடி பிடித்தேன்.

"வீட்ல ஆடு மாடு ஏதாவது திடீர்னு செத்துச்சா?"

"கன்னுக்குட்டி செத்துச்சு" என்றாள் தனலட்சுமி.

எங்கள் பசுவின் நான்கு மாதக் கன்று ஆடி மாதம் செத்தது. கண் தெரியாததுபோலச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. மறுநாள் விழுந்து உதைத்துக்கொண்டது. "பால ஒட்டக் கறந்துட்டேன், கன்னுக்கு விடலன்னு தெருவே என்னத் திட்டுச்சு, டாக்டரம்மா" என்று அழுதாள். கொல்லையில் நான் கழுவாமல் போட்ட டப்பாக்களை அது நக்கிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்த்திருந்தோம்.

"ஈய வர்ணம் லேசா இனிக்கும். அதான் நக்கியிருக்குது."

அந்த இனிப்பு எனக்குத் தெரியும். பதினாறு வருடம் அது என் உதட்டில் இருந்தது.

"கொழந்த இருக்குதா?"

ஒன்றரை வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு நானே நடைவண்டிக்கு மஞ்சள் பூசிக் கிளிகள் வரைந்திருந்தேன். நிற்கும்போதெல்லாம் அவள் அந்தக் கட்டையைத்தான் கடிப்பாள். தனலட்சுமி அடுத்த பஸ்ஸில் ஊருக்கு ஓடினாள். மறுநாள் மகளைத் தூக்கிவந்து ரத்தம் எடுக்கக் கொடுத்தாள். ரத்தசோகை (ரத்தத்தில் சிவப்பணு குறைவது) மட்டும் தொடங்கியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். நடைவண்டியை எரித்துவிடச் சொன்னேன். "எரிக்காதீங்க, அந்தப் புகையும் விஷம்" என்று தடுத்தார். ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

எனக்கு ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அது ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். சில நாள் இடைவெளி விட்டு மறுபடி ஐந்து நாள். மணிக்கட்டு நிமிர்ந்திருக்கக் கட்டை வைத்துக் கட்டினார்கள். வயிற்றுவலி முதலில் விட்டது. கை அசையவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு வர்ணக் கடைக்குப் போனேன். டப்பாவில் சிங்கப் படம் இருந்தது, பரிசுப் பதக்கங்கள் இருந்தன. எச்சரிக்கையாக ஒரு வரி இல்லை. முதலாளியிடம் கேட்டேன்.

"உன்ன யாருப்பா நக்கச் சொன்னது? பெயிண்ட்டுன்னா பூசுறதுக்கு."

"என் கன்னு செத்துச்சுங்க. பச்சக் கொழந்த கடிச்சிருக்குது."

"எழுதிப் போட்டா மட்டும் கன்னு படிச்சுக்குமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கன்னுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுதவும் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த தையில் மணிக்கட்டு ஒரு விரற்கடை எழும்பியது. மாசியில் தூரிகை பிடித்தேன். வர்ணக் கடை வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்ட முதலாளி விடவில்லை. அதனால் எங்கள் வீட்டுத் தெருச்சுவரில் காவியும் சுண்ணாம்பும் கரைத்து எழுதினேன்: "வர்ணத்தில் ஈயம் உண்டு. வாயில் வைக்காதீர். குழந்தைக்கும் மாட்டுக்கும் எட்டவிடாதீர்." முன்பு ஒரு காலைப்பொழுதில் முடித்திருப்பேன். ஒன்பது நாள் ஆனது. தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். கன்றுக்காகத் தனலட்சுமியைத் திட்டியவர்களும் நின்று படிக்கிறார்கள்.

ரத்தத்தில் இருந்த ஈயம்தான் வெளியேறியது. எலும்பில் தங்கியது மெதுவாகத்தான் இறங்கும், வருடக்கணக்காகும் என்றார் மருத்துவர். எலும்பு என்றால் செத்தபின் மிஞ்சுவது என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போது நடக்கும்போதும் அது இருப்பது தெரிகிறது. முன்பு 'ழ'வின் வளைவை ஒரே இழுப்பில் போடுவேன். இப்போது நடுவில் இரண்டுமுறை நின்று, கை வருகிறதா என்று பார்த்துப் போகிறேன்.

"உங்க கோவம் எப்பதான் ஆறும்?" என்று தனலட்சுமி நேற்றுக் கேட்டாள்.

"அதுவும் எலும்புலதாம்மா இருக்குது" என்றேன்.