சந்தீயின் கால்மேல் போட்ட பழி

சந்தீ வண்டி ஓட்டக் கற்றது ஐம்பத்தாறு வயதில். ஆசைப்பட்டு அல்ல. புருஷன் இந்தோனுக்குச் சிறுநீரகம் கெட்டு, கால்களும் மரத்துப்போயின. வாரம் மூன்று நாள் மலையைத் தாண்டிப் பாயாவ் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். முப்பது வருஷம் முட்டைக்கோஸ் லோடு அடித்த மனிதர் இடப்பக்க இருக்கைக்கு மாறினார். இருக்கை மாறினாலும் வாய் மாறவில்லை. கியரை மாத்து, கிளச்சை விடு என்று வழியெல்லாம் பாட்டுத்தான்.

இரண்டு மாதமாக அவருடைய பழைய பிக்கப் வண்டி ஏற்றத்தில் மூச்சுத் திணறியது. பின்னால் கறுப்பாகப் புகை. ஒருநாள் பாதி மலையில் நின்றே போய், ஆஸ்பத்திரி முறை தவறி, இந்தோனின் முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. டவுன் மெக்கானிக் கடையில் ஏதோ சென்சாரை மாற்றினார்கள். நாலே நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் உன் கால் பண்ற வேல," என்றார் இந்தோன்.

சந்தீ அதை நம்பினாள். நம்பியதுதான் கொடுமை. டவுனில் இருக்கும் நாத்தனார் வீட்டில் அவரை விட்டுவிட்டு, தான் மட்டும் ஊரில் இருப்பது என்று முடிவு செய்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர்கள் பிரிந்து இருந்ததே இல்லை. வண்டியை விற்க வேண்டும், அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் மலையடிவார மெக்கானிக் நரோங்கிடம் போனாள். இந்தோனும் கூட வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நரோங் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் அவளைக் கேட்டான்.

"எப்பக்கா திணறுது? காலையில எடுத்ததுமேவா?"

"இல்ல தம்பி. எடுத்ததும் நல்லாத்தான் போகும். இஞ்சின் சூடான பிறகுதான். வளைவுல கால எடுத்துட்டுத் திரும்ப மிதிச்சா, யாரோ கழுத்தப் புடிச்ச மாதிரி ஆயிடும்."

"அவகிட்ட என்னப்பா கேக்கற? என்னக் கேளு," என்றார் இந்தோன்.

"அண்ணே, ஓட்டறவங்க காதுக்குத்தான் தெரியும். நீங்க சும்மா இருங்க," என்று சிரித்தான் நரோங். "அக்கா, கால் தப்புன்னா காலையிலயும் திணறணும்ல? சூடானப்புறம் மட்டும் உங்க காலுக்கு என்ன கேடு?"

இஞ்சின் சூடானதும், வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுவது இஜிஆர் வால்வு. மிதிக்கும்போது அது மூடிக்கொள்ள வேண்டும். நரோங் சூடான இஞ்சினை ஓடவிட்டு, வால்வுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கினான். வால்வு மூடினால் சத்தம் மாற வேண்டும். மாறவில்லை. கைப்பம்பை வைத்து உறிஞ்சினான். வால்வின் தண்டு மேலே போனது. காற்றை விட்டான். இறங்கிய தண்டு அரைகுறையாக நின்றது.

"எதுவோ சிக்கியிருக்கு. மூட மாட்டேங்குது."

இஞ்சின் ஆறும்வரை மூவரும் ஒட்டரிசிச் சோறும் வறுத்த பன்றித்தோலும் தின்றார்கள். பிறகு போல்ட்டுகளைக் கழற்றினான். கரிக்குள்ளிருந்து நகத்தளவு தகரம் வந்து விழுந்தது. வால்வின் மூட்டில் மீதித் தகடு, நடுவில் எரிந்து ஓட்டையாகி இருந்தது. துடைத்துப் பார்த்தால், பிஸ்கட் டின்.

இழுவை கூடும் என்று இந்தப் பக்கத்து டிரைவர்கள் புகை உள்ளே திரும்பும் வழியைத் தகடு வைத்து அடைப்பதுண்டு. இஞ்சின் கோளாறு விளக்கு எரியாமலிருக்க நடுவில் ஒரு சிறு துளையும் போடுவார்கள். கெட்டி இரும்பு என்றால் தாங்கும். இது தகரம்; எரிந்து உடைந்த துண்டு வால்வில் சிக்கிக்கொண்டது.

"எவன்டா இந்தப் புத்திசாலி?" என்றான் நரோங்.



"நான்தாம்பா. ஏழு வருஷம் முன்னாடி. லோடோட மலையேற மாட்டேங்குதுன்னு வெச்சேன்," என்றார் இந்தோன். யாரிடமும் தப்பை ஒப்புக்கொள்ளாத மனிதர். "மறந்தே போச்சு, ஃபா அம்மா."

மகள் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள்.

சந்தீக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு மாசமா என் கால நானே திட்டிக்கிட்டு இருந்தேன், ஃபா அப்பா! உங்கள அக்கா வீட்டுல தள்ளறதுக்குத் துணி கூட மடிச்சு வெச்சுட்டேன்!" சொல்லிவிட்டு அழுதாள்.

அவர் குனிந்து தன் மரத்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடு. உன் கூடவே வரேன்."

நரோங் தகடைத் தூக்கி எறிந்து, வால்வைக் கரிபோகச் சுரண்டி மாட்டிக் கொடுத்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். இஞ்சின் சூடாகி, முதல் வளைவில் காலை எடுத்து மிதித்தாள். வண்டி சிணுங்காமல் ஏறியது. கண்ணாடியில் புகை இல்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். இந்தோன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

உச்சியில் இருக்கும் காவல் தெய்வத்துக்கு மூன்று முறை ஹார்ன் அடிக்காமல் அந்த மலையை யாரும் தாண்டுவதில்லை. சந்தீ மனதுக்குள் மட்டும் கும்பிட்டு, சத்தமில்லாமல் கடந்து போனாள்.