மூன்றாவது பாட்டின் நடுவில்

எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம். அரியூர் நாட்டிலிருந்து வாழவந்தி நாட்டுக்குக் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அந்தக் குரலைக் கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோயிருந்தார். ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள்.

மிளகுக் கொடிகளைப் பார்க்கக் கிளம்புமுன் வீட்டுக்காரர் டேப் ரெக்கார்டரைப் போட்டார். பலர் பாடிய சினிமா ஹிட் பாட்டுகளைக் கடையில் சொல்லிப் பதிந்த கேசட். மூன்றாவது பாட்டில் சரணம் ஏறும்போது கடக்கென்று ஒரு சத்தம். பாட்டு அறுந்து, பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. பிறகு ஒரு பெண், எனக்குப் பின்னால் நிற்பவள் போல, "ஏனுங்க, பாப்பா எந்திரிச்சுட்டாளான்னு பாருங்க" என்றாள்.

பாயில் கிடந்த குழந்தை கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்: "எந்திரிச்சுட்டேம்மா."

பாட்டு தொடர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாப்பாவோட அம்மா பெட்டியத் தொடைக்கறப்ப ரெக்கார்டு பட்டனை மாத்தி அமுக்கிட்டா. அழிக்க மனசு வரல" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

தினமும் அப்படித்தான். அவள் அடுப்பில் நான் சமைத்தேன். குழந்தையை எழுப்பியது அவள்தான்.

மழைக்காலத்தில் கேசட் நைந்தது. குரல் இழுபட்டு, ஆண் குரல் மாதிரி கனத்தது. ஒரு நாள் குழந்தை போர்வைக்குள் சுருண்டு அழுதாள்.

"அது அம்மா இல்ல, சின்னம்மா. வேற யாரோ அம்மா மாதிரி கூப்புடுது."

நானே கேசட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மலையிறங்கினேன். கடைக்காரரிடம், "இழுக்குதுங்க. நடுவுல ஒரு பேச்சு வரும், அதையும் சரி பண்ணிக் குடுங்க" என்றேன்.

சாயங்காலம் கடைக்காரர் புதுக் கேசட்டை நீட்டினார். "இனிப் பேச்சே வராதுங்க. அந்தப் பாட்டை வேற கேசட்டுலருந்து முழுசா எடுத்துப் போட்டுட்டேன்."

"பழசு?"

"அறுந்து சிக்கிப்போச்சுங்க. குப்பையோட போயிருச்சு."

பஸ்ஸில் புதுக் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் கேசட்டை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் புதுக் கேசட் ஓடியது. மூன்றாவது பாட்டு தடங்கலில்லாமல் முடிந்தது. அந்த இடத்தில் என்ன வரி இருந்தது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. குழந்தை எழுந்து உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அம்மா கேக்கற மாதிரி நீ கேளு, சின்னம்மா."

கேட்டேன். "ஏனுங்க, பாப்பா எந்திரிச்சுட்டாளான்னு பாருங்க."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் மிளகுக் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

பெட்டியை அதற்குப் பின் யாரும் போடவில்லை. மகள் விடுதிப் பள்ளிக்குப் போகும்வரை காலையில் நான்தான் கேட்டேன். சில நாள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருப்பேன், இன்னும் வாய் திறந்திருக்கமாட்டேன். உள்ளே தூக்கத்திலிருந்து பதில் வரும்.

"எந்திரிச்சுட்டேம்மா."